அடிசம் பங்களா: நாள் பார்த்துப் போக வேண்டிய வீடு

இலங்கை மலையகத்து அப்புத்தளைக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்குப் போய் நாலு படம் எடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் எல்ல பக்கம் போய்விடுகிறார்கள். லிப்டன் சீட் இருப்பது ஊருக்குக் கிழக்கே, தம்பேதன்னைப் பக்கம். அதற்கு நேர் எதிர்த்திசையில், டவுனிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் மேற்கே, தங்கமலைச் சரணாலயத்தை ஒட்டி ஒரு கருங்கல் வீடு நிற்கிறது. ஊரார் அதை அடிசம் பங்களா என்பார்கள். இப்போது அது புனித பெனடிக்ட் மடம். துறவிகள் வாழ்கிற இடம் என்பதால் மற்ற சுற்றுலா இடங்களைப் போல நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. பார்க்கப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள். அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் கலண்டரைப் பாருங்கள்

பங்களா பொதுமக்களுக்குத் திறப்பது சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) முதலான அரச விடுமுறை நாட்கள், பாடசாலை விடுமுறைக் காலம் ஆகியவற்றில் மட்டும். செவ்வாய்க்கிழமை போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்ப்பீர்கள். ‘தூரத்திலிருந்து வந்தோம்’ என்று கெஞ்சுவதும் சரியல்ல. உள்ளே பிரார்த்தனையும் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கும்.

பாடசாலை விடுமுறை என்றால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மனக்கணக்குப் போட வேண்டாம். அண்மைய ஆண்டுகளில் தவணைகள் முன்பின்னாக நகர்ந்திருக்கின்றன. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறையும் வேறு. கல்வி அமைச்சு அந்த ஆண்டுக்கு வெளியிட்ட தவணை அட்டவணையைப் பார்ப்பதுதான் வழி. அதிலும் சந்தேகம் இருந்தால் சனி, ஞாயிறையே தெரிவு செய்யுங்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, நத்தார் போன்ற திருநாட்களை ஒட்டிப் போவதாக இருந்தால் டவுனில் ஒரு தடவை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

நேரம் காலை 9 மணி முதல் மாலை 4.30 வரை. நண்பகல் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆகவே பன்னிரண்டரைக்குப் போய்ச் சேருவது போலத் திட்டம் போடாதீர்கள். காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் போவதே மிகச் சிறந்தது. மூடுபனிக் கணக்கிலும் அந்த நேரம்தான் சரிவரும்.

மூடுபனிக் கணக்கு

அப்புத்தளை சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுகட்டின் மேல் இருக்கிற ஊர். தெற்குப் பக்கம் மலை சட்டென்று சரிந்து சமவெளிக்கு இறங்குகிறது. வெயில் ஏற ஏற அடிவாரத்துச் சூடான காற்று அந்தச் சரிவு வழியே மேலே வரும். வரும்போதே குளிர்ந்து மூட்டமாகும். அதனால்தான் காலையில் கண்ணாடி போலத் தெளிந்திருந்த இடம் மதியத்துக்குப் பிறகு பஞ்சுக்குள் போனது போலாகிவிடுகிறது. பத்தடிக்கு அப்பால் வீடே தெரியாத நாளும் உண்டு. மூட்டத்துக்குள் கருங்கல் வீடு நிற்பது தனி அழகு என்பார்கள், உண்மைதான். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு வீடு தெரிந்தாக வேண்டுமே.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம், மண்சரிவும் அப்போதுதான். ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை மழை குறைவு, ஆனால் தென்மேற்குக் கச்சான் காற்று முகட்டின் மேல் அடிக்கிற அடிக்குக் குடை தாங்காது. அந்த மாதங்களில் குடையை விட்டுவிட்டுத் தொப்பி வைத்த மழைச்சட்டை எடுத்துப் போங்கள். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவதும் அந்தக் காய்ந்த காற்றில்தான். அந்தப் பருவத்துக் கொழுந்தில் போட்ட பிளேன்டீயை டவுனில் குடித்துப் பாருங்கள்.

அப்புத்தளைக்கு வந்து சேருவது

மலையக ரயில்பாதை 1893இல் அப்புத்தளையை எட்டியது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல்தான். கொழும்பிலிருந்து காலையில் கிளம்புகிற பதுளை ரயிலைப் பிடித்தால் அப்புத்தளையில் இறங்கும்போது பின்னேரமாகிவிடும். அதன்பின் அடிசம் போக நேரம் போதாது. இதைக் கவனிக்காமல் ‘சனிக்கிழமை காலையில் ரயிலேறி, அன்றைக்கே பார்த்து’ என்று திட்டம் போட்டுக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். வழி இரண்டு. வெள்ளி இரவு மெயில் ரயில் ஓடுகிறதா என்று கேட்டு அதில் ஏறினால் சனி விடியும்போது அப்புத்தளையில் இருக்கலாம். இல்லையென்றால் முதல் நாளே வந்து டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். இரவு மெயிலில் வருகிறவர்கள் ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் புதைத்து வைக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பட்டிப்பொலையைக் கடக்கும்போது ரயில் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே அதிகாலைக் குளிர் எலும்பைத் துளைக்கும்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகலை வழியாகப் பதுளைக்குப் போகிற பஸ்கள் அப்புத்தளை ஊடாகவே போகும். நுவரெலியாவிலிருந்து வந்தால் வெலிமடையில் மாற வேண்டியிருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்கள் பதுளைக்கு வந்து, அங்கிருந்து பண்டாரவளை வழியாக வருவது லேசு. பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு அரை மணித்தியாலம் போல ஆகும்.

மழை மாதங்களில் ரயில் எதுவரை ஓடுகிறது என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்தால் போதும், பயணம் பாதியில் நின்றுவிடும்.

டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர்

நடப்பதா, ஆட்டோவா? காலையில் வெயில் ஏறுமுன் நடந்தால் முக்கால் மணித்தியாலம். பாதை முகட்டை ஒட்டிப் போகிறது. ஒரு பக்கம் தேயிலை, ஆங்காங்கே லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), மறுபக்கம் சரிவு. வயதானவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் ஆட்டோ பிடிப்பதே மேல். பிடிக்கும்போது இடத்தையும் காத்திருப்பையும் சேர்த்தே பேசிவிடுங்கள்:

“அண்ணே, அடிசம் பங்களாவுக்குப் போகவர எவ்வளவு? அங்க ஒரு மணித்தியாலம் நிப்பாட்டணும்.”

“வெயிட்டிங்கும் சேர்த்தா?”

“ஓம், எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க.”

இந்த மூன்று வரியைப் பேசாமல் ஏறினால், திரும்பும்போது காத்திருப்புக்குத் தனிக்காசு என்று தகராறு வரும். ‘போக மட்டும்’ என்று பேசி இறங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல். பங்களா வாசலில் ஆட்டோ ஸ்டாண்ட் இல்லை. வேறு யாரையாவது கொண்டுவந்து விட்ட வண்டி காலியாகத் திரும்பினால்தான் உண்டு, இல்லாவிட்டால் நடைதான். அப்புத்தளையில் தமிழ் பேசுகிற ஆட்டோக்காரர்களுக்குக் குறைவில்லை. ‘பெனடிக்ட் மடம்’ என்று சொல்வதைவிட ‘அடிசம்’ என்றால் சட்டென்று விளங்கும்.

ஒரே நாளில் லிப்டன் சீட்டையும் பார்க்க வேண்டுமென்றால் வரிசையை மாற்றாதீர்கள். விடியற்காலையில் லிப்டன் சீட், இறங்கி வந்து டவுனில் ரொட்டியும் கட்டச் சம்பலும், பிறகு அடிசம். லிப்டன் சீட்டுக்குக் காட்சிதான் எல்லாம், அது மூட்டத்தோடு போய்விடும். அடிசம் வீடு மூட்டம் வந்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

யார் கட்டியது, எதைப் பார்த்துக் கட்டியது

உள்ளே போகுமுன் இந்தக் கொஞ்சத்தைத் தெரிந்துகொண்டால் சுவரும் ஜன்னலும் பேசத் தொடங்கும். கட்டியவர் சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள்வழிப் பேரன். தகப்பனார் கென்ட் மாவட்டத்தில் அடிசம் என்ற கிராமத்தின் பங்குக் குரு. அந்தக் கிராமத்துப் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார். 1887இல் இலங்கைக்கு வந்து, தோட்டத்தில் சம்பளமில்லாத பயிலுநராகத் தொடங்கியவர் அவர். பிற்காலத்தில், 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார். ஓய்வுகாலத்துக்கென்று 1931இல் இந்த வீட்டைக் கட்டி முடித்தார்.

மாதிரியாக எடுத்துக்கொண்டது அதே கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டை. லீட்ஸ் கோட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏரியையும் கோட்டை மதிலையும் எதிர்பார்த்துவிடுகிறார்கள். இங்கே ஏரி கிடையாது. இது கோட்டையின் சாயலை வாங்கிக்கொண்ட ஒரு வீடு. கருங்கல், ஒரு கோபுர முனை, ஒடுங்கி நீண்ட ஜன்னல்கள் ஆகிய மூன்றிலும்தான் அந்தச் சாயல் இருக்கிறது.

வில்லியர்ஸ் தம்பதியர் நாட்டைவிட்டுப் போனபின் வீடு கைமாறியது. 1961இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் அதை வாங்கினார்கள். 1963 முதல் மடமாக இருக்கிறது.

வாசலில்

நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்புப் போதும். கோயிலுக்குப் போகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டால் பிழைக்காது. போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். வீட்டுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், வெளியே தோட்டத்தில் எடுக்கலாம். ட்ரோன் கொண்டுவராதீர்கள். இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதற்கும் மேல் இது மடம். பெரிய குடும்பமாக வருகிறவர்கள் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: புல்லில் ஓடலாம், பூவைப் பிடுங்கக் கூடாது, கத்தக் கூடாது.

உள்ளே இரண்டே அறை

இதை முன்னமே சொல்லிவிடுவது நல்லது. பார்வையாளருக்குத் திறந்திருப்பது வரவேற்பறையும் நூலகமும்தான். மாடிக்குப் போக முடியாது. மற்ற அறைகள் துறவிகள் புழங்குகிற இடம். வேகமாக நடந்தால் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், பலர் அப்படித்தான் வருகிறார்கள். ‘இவ்வளவுதானா?’ என்ற முணுமுணுப்பு வாசலில் அடிக்கடி கேட்கும்.

நிதானமாகப் பார்க்கிறவருக்கு இந்த இரண்டு அறையிலேயே அரை மணித்தியாலத்துக்கு விஷயம் இருக்கிறது. முதலில் காலுக்குக் கீழே பாருங்கள். தரை, கதவு, ஜன்னல் சட்டம், படிக்கட்டு, சுவரை மூடிய பலகை எல்லாமே பர்மாத் தேக்கு. கூரைக்கு முதலில் போட்டதும் தேக்குப் பலகை ஓடுகள்தான். கல் மட்டும் இந்த மண்ணுடையது, உள்ளூரிலேயே செதுக்கிய கருங்கல். கம்பளம், திரைச்சீலை, பீங்கான், கண்ணாடிப் பாத்திரம், தளபாடம் இவையெல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ஆக, மலையகத்துக் கல்லுக்குள் பர்மாக் காட்டு மரம், அதற்குள் இங்கிலாந்து வீட்டுச் சாமான். சாம்ராஜ்யம் எப்படி ஓடியது என்பதை இந்த ஓர் அறையே காட்டிவிடுகிறது.

பிறகு ஜன்னலருகே நின்று, சுவர் எவ்வளவு கனம் என்று பாருங்கள். கனத்த கல்லும் ஒடுங்கிய ஜன்னலும் கோட்டை வேஷத்துக்குப் பொருத்தம். ஆனால் அறைக்குள் வெளிச்சம் குறையும். மூட்டமான நாளில் நூலகத்தில் புத்தக முதுகின் எழுத்தை வாசிப்பது கஷ்டம். வெயிலுள்ள காலை வேளையைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. தோட்டங்களில் லயத்துக் காம்பராவின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. ஒரு குடும்பம் முழுக்க அதற்குள்தான். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு வரவேற்பறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை கண்ணால் அளந்து பாருங்கள், எத்தனை காம்பரா அடங்கும் என்று. பங்களாப் பக்கம் போவதென்றால் தோட்டத்து ஆட்களுக்குப் பின்வாசல்தான் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. வீட்டின் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பிரதமர் பேரனோடு நிறுத்திவிடுகிறார்கள். கொழுந்தெடுத்தவர்களின் உழைப்பும் இந்தக் கல்லுக்குள் இருக்கிறது.

வெளியே சுற்றுங்கள்

வீட்டை நன்றாகப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே அல்ல, வெளியே. முன்புறப் புல்வெளியின் தூர ஓரத்துக்குப் போய்த் திரும்பி நின்றால் முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும். அங்கிருந்து மெதுவாகக் கிட்ட வந்து, கல்லோடு கல் பொருந்துகிற இடத்தைப் பாருங்கள். பூந்தோட்டம் ஆங்கிலேய பாணி. ரோஜாவும் குளிர்நாட்டுப் பூச்செடிகளும் படிப்படியாக. பழத்தோட்டமும் இருக்கிறது. வேலி போட்ட இடத்துக்கு அப்பால் போக வேண்டாம். வானம் வெளித்திருந்தால் வடக்கே ஒன்றன்பின் ஒன்றாக மலைத்தொடர்கள் நீலம் மங்கி மங்கிப் போவதைப் பார்க்கலாம்.

தங்கமலைக் காடு

அடிசம் வரை வந்துவிட்டுத் தங்கமலையைப் பார்க்காமல் திரும்புவது பெரிய நட்டம். 1938இல் சரணாலயமாக்கிய இந்தக் காட்டின் பரப்பு சுமார் 131 ஹெக்டேயர்தான். சின்னக் காடு; சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்கூட இந்தத் தமிழ்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். பங்களா கேட்டை ஒட்டியே காட்டுப்பாதை தொடங்குகிறது. இரண்டரை, மூன்று கிலோமீட்டர் போல மரநிழலில் போய் ரயில்பாதையைத் தொடும். அங்கிருந்து தண்டவாளம் இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனுக்குப் போகிறது.

பலர் தண்டவாளத்தின் மேலேயே ஸ்டேஷன்வரை நடந்துவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைச் செய்ய வேண்டாம். அந்தப் பகுதியில் வளைவும் சுரங்கமும் அதிகம். மூட்டத்தில் ரயில் வருவது கண்ணுக்கும் தெரியாது, காற்றடிக்கும்போது காதுக்கும் கேட்காது. சுரங்கத்துக்குள் ஒதுங்கி நிற்க இடமிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இதல்கஸ்ஹின்னவில் எல்லா ரயிலும் நிற்பதும் இல்லை. காட்டுக்குள் ஒரு மணித்தியாலம் நடந்து, வந்த வழியே திரும்புவது போதும்.

மெதுவாக நடந்தால் பறவைகள் தென்படும். உடம்பு நீலம், தலை செந்தவிட்டு நிறம், அலகும் காலும் சிவப்பு என்று ஒன்று நீண்ட வாலை இழுத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவினால் அசையாமல் நின்றுவிடுங்கள். இலங்கையில் மட்டுமே உள்ள நீலப் பறவை அது. உயரமான ஈரக் காடுகளை விட்டு வெளியே அதிகம் வராது. கருமந்திகள் மரவுச்சியில் சத்தம் போடும். நாய் குரைப்பது போல ஒரு சத்தம் காட்டுக்குள்ளிருந்து வந்தால் அது பெரும்பாலும் கேளையாடு.

மழை பெய்த மறுநாள் அட்டை மொய்க்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, கணுக்காலைச் சுற்றிச் சவர்க்காரத்தை உலர்வாகவே பூசிக்கொள்ளுங்கள். தண்ணீர் சேர்க்காமல், கட்டியையே தேய்க்க வேண்டும். நனைந்தால் கழுவிப் போய்விடும், ஆகவே கட்டியைப் பையில் வைத்திருந்து இடையில் ஒருமுறை தேயுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், வாய்ப் பக்கத்தை நகத்தால் தள்ளிவிட்டால் கழன்றுவிடும். இரத்தம் கொஞ்சநேரம் நிற்காது. பயப்படாமல் ஒரு துணியை அழுத்திப் பிடித்தால் போதும்.

ஜாம் போத்தல்

துறவிகள் தங்கள் தோட்டத்துப் பழங்களில் செய்கிற ஜாம், ஜெலி, கோர்டியல் ஆகியவற்றை மடத்திலேயே ஒரு சிறு கடையில் விற்கிறார்கள். ஸ்ட்ரோபெரி ஜாமும் கொய்யா ஜெலியும் பேர்பெற்றவை. நீண்ட விடுமுறையில் பின்னேரத்துக்கு முன்பே விருப்பமானது முடிந்துவிடும். ஆகவே வீட்டைப் பார்க்கப் போகுமுன் வாங்கி ஆட்டோவில் வைத்துவிடுங்கள். கையில் காசு வைத்திருங்கள், கார்டை நம்ப வேண்டாம்.

எல்லாம் கண்ணாடிப் போத்தல். ரயிலில் கொண்டுபோகிறவர்கள் ஒவ்வொன்றையும் பத்திரிகைத்தாளில் சுற்றி, உடுப்புக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் மலைப்பாதை வளைவில் உருண்டு விழும். வீட்டுக்குப் போனபின் எப்போதும் காய்ந்த கரண்டியால் எடுங்கள், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு அங்கே ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள். டவுனிலேயே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது வடையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே இருந்து சாப்பிட்டு, கடதாசியைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். மாலை நாலரைக்குக் கேட் மூடியபின் அந்தப் பாதையில் ஆள்நடமாட்டம் குறைந்துவிடும், தெருவிளக்கும் போதாது. நடந்து திரும்புகிறவர்கள் நாலு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.